மரக் கியூவுக்கு மறுபூச்சு: உப்புத்தாளை எடுக்கும் முன்னும் பின்னும்

ஸ்னூக்கர் கியூ, அதாவது பந்தை அடிக்கும் கோல், விரல்களுக்கிடையில் தடையில்லாமல் ஓடாமல் ஒட்டி ஒட்டிப் போகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பூச்சை அல்ல, அழுக்கை. வியர்வை, சாக் தூள், மேஜைத் துணியின் பஞ்சு, கைப்பிசுக்கு எல்லாம் சேர்ந்து ஷாஃப்ட்டின் (கியூவின் மெலிந்த முன்தண்டு) முன்பாதியில் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, ஒரு சொட்டுகூட வடியாதபடி முறுக்கிப் பிழிந்து, ஷாஃப்ட்டை நீளவாக்கில் நான்கைந்து முறை துடைத்துப் பாருங்கள். துணி கறுக்கும். கறுப்பு வருவது நிற்கும்வரை துணியின் புதுப்புது இடங்களால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் சூடு ஏறும்வரை தேய்த்துவிட்டு, விளையாடிப் பாருங்கள். பல கியூக்களுக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. உப்புத்தாளில் போன மரம் திரும்ப வராது. ஒரு தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து மாறும். டிப் (பந்தில் படும் தோல் நுனி) பக்கம் 9.5 மி.மீ. இருக்கும் ஷாஃப்ட்டை 9.3 ஆக்கினால் அந்த இடத்தின் விறைப்பு சுமார் 8 சதவீதம் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாத 0.2 மி.மீ. அது. அதோடு, மரம் மெலிந்தும் டிப்பை ஒட்டிய பித்தளை வளையமான ஃபெரூல் மெலியாமலும் இருப்பதால் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு படி உருவாகி, ஒவ்வொரு ஷாட்டிலும் விரலில் தட்டும். ஆகவே கியூவுக்கு மறுபூச்சு என்பது ஆண்டுதோறும் செய்யும் வேலை அல்ல. லாக்கர் உரிகிறது, வியர்வையில் பிசுபிசுக்கிறது, மரம் திட்டுத்திட்டாகக் கறுத்துவிட்டது, கைக்குச் சொரசொரக்கிறது என்ற நிலையில் ஒரு முறை ஒழுங்காகச் செய்தால் போதும். பிறகு துடைத்துப் பராமரிப்பதுதான்.

கைவேலை செய்யும் கியூ தயாரிப்பாளர் ஒருவர் செய்த கியூ என்றால் முதலில் அவரிடமே கேட்டுவிடுவது நல்லது. பட்டின் (கையில் பிடிக்கும் தடித்த அடிப்பகுதி) மேல் பெயர் அச்சிட்ட கியூவில் அந்த எழுத்து பூச்சுக்கு அடியில்தான் இருக்கும். பூச்சை எடுத்தால் பெயரும் போகும்.

மரமும் பூச்சும் என்ன என்று பாருங்கள்

ஸ்னூக்கர் கியூவின் ஷாஃப்ட் பெரும்பாலும் ஆஷ் மரம், அல்லது மேப்பிள். ஆஷ் மரத்தில் ரேகைகள் கறுத்து, டிப்பை நோக்கி அம்பு அம்பாகத் தெரியும். அந்த ரேகை முழுக்க நுண்துளைகள். எந்தத் தூளானாலும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மேப்பிளின் துளைகள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை. தூள் தங்காது, ஆனால் கீறல் உடனே தெரியும். பட் பகுதியில் கருங்காலி, ஈட்டி போன்ற கனமரங்களை ஷாஃப்ட் மரத்தோடு ஒட்டியிருப்பார்கள்.

பூச்சைக் கண்டுபிடிக்க, பட்டின் அடிப்பக்கத்தில் கண்ணில் படாத ஓரிடத்தை நகத்தால் சுரண்டுங்கள். கண்ணாடிச் சில்லு போல மெல்லிய பொடி வந்தால் லாக்கர் அல்லது வார்னிஷ். அதே இடத்தில் ஒரு துளி ஸ்பிரிட் வைத்து ஒரு நிமிடம் கழித்துத் தொடும்போது ஒட்டினால் அது அரக்கு, அதாவது பிரெஞ்ச் பாலிஷ். இரண்டும் இல்லாமல் மரமே நேரடியாகக் கைக்குப் படுகிறது என்றால் எண்ணெய்ப் பூச்சு. எண்ணெய்ப் பூச்சுக் கியூவுக்குச் சுரண்டும் வேலையே தேவையில்லை. டர்பன்டைன் நனைத்த துணியால் பழைய பிசுக்கை எடுத்துவிட்டு, மறுபடி எண்ணெய் போட்டால் போதும்.

பெயின்ட் ரிமூவர் வேண்டாம். வேகமாக வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அது பூச்சோடு நின்றுவிடாது. பட்டின் ஒட்டுகளுக்குள் கசிந்தால் பசையை இளக்கும், ஃபெரூலுக்கு அடியில் போனால் ஃபெரூல் கழன்று ஆடும்.

தேவையானவை

வெளிர் நிற உப்புத்தாள் 320, 400, 600, 1000 (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்). கனமான லாக்கருக்கு மட்டும் 240. கறுப்பு நிறத்தில் வரும் தண்ணீர் உப்புத்தாளை ஆஷ் மரத்தில் பயன்படுத்தாதீர்கள். அதிலிருந்து உதிரும் கறுப்புத் தூள் நுண்துளைகளில் தங்கிவிடும். அதேபோல ஸ்டீல் வுல்லும் ஆஷுக்கு ஆகாது. இரும்பு நார்கள் ரேகையில் சிக்கி, பிறகு ஈரம் பட்டதும் துருப்புள்ளியாக எழும்பும். அதற்குப் பதில் சாம்பல் நிற நைலான் தேய்ப்புத்தாள் நன்றாக இருக்கும். இவற்றோடு மாஸ்கிங் டேப், டர்பன்டைன், லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்), பஞ்சு உதிராத பழைய பருத்தித் துணி, ஒரு முகமூடி. கருங்காலி, ஈட்டி மரத்தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஒத்துக்கொள்ளாது. பலருக்கு அரிப்பு வரும்.

வெர்னியர் காலிப்பர் இல்லாமல் தொடங்காதீர்கள். ஃபெரூலை ஒட்டிய மரத்தில், அங்கிருந்து 10 செ.மீ., 30 செ.மீ., 60 செ.மீ. தூரங்களில் விட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். வேலையின் நடுவில் இரண்டு மூன்று முறை அதே இடங்களை அளக்க வேண்டும். மொத்தத்தில் 0.1 மி.மீ.க்கு மேல் குறையக் கூடாது என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பித்தளை முதலில், மரம் பிறகு

ஃபெரூலைப் பளபளப்பாக்க நினைத்தால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள். மரத்தின் மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டி, துணியில் மிகக் கொஞ்சம் மெட்டல் பாலிஷ் தொட்டுத் தேய்க்க வேண்டும். அதில் வரும் கறுப்புக் குழம்பு தப்பித்தவறி மரத்தில் பட்டால் பிறகு உப்புத்தாளில் போய்விடும். புதுப் பூச்சு போட்ட பிறகு பட்டால் போகாது.

அது முடிந்ததும் டேப்பை மாற்றி ஒட்டுங்கள்: இப்போது மூட வேண்டியது ஃபெரூலை. பித்தளையில் உப்புத்தாள் பட்டு, அந்தத் தாளே மரத்தின் மேல் இழுபட்டால் பித்தளைத் தூள் ஆஷின் ரேகைக்குள் இறங்கி, டிப்புக்குக் கீழே இரண்டு விரல்கடை தூரம் சாம்பல் பூத்தது போல ஆகிவிடும். வீட்டில் மறுபூச்சு செய்த கியூக்களில் அதிகம் தென்படும் குறை இதுதான். பட்டின் பேட்ஜுக்கும் ஜாயின்ட்டின் பித்தளை வளையத்துக்கும் டேப் ஒட்டுங்கள். பழைய டிப்பைக் கழற்றாதீர்கள். அது கியூவின் நுனியில் மரத்தின் வெட்டு முகத்தை மூடியிருக்கிறது. எண்ணெய் அந்த வழியாக உள்ளே இறங்கினால் பின்னால் புது டிப் ஒட்டாது.

ஜாயின்ட் உள்ள கியூ என்றால் இரண்டு பாகங்களையும் முறுக்கிச் சேர்த்துவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். தனித்தனியாகத் தேய்த்தால் ஒவ்வொன்றின் விளிம்பும் உருண்டுபோய், சேர்க்கும்போது நடுவில் ஒரு பள்ளம் தெரியும்.

பூச்சை எடுப்பது

கனமான லாக்கரை முழுக்க உப்புத்தாளால் எடுக்க முயன்றால் தாள் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். எரிச்சலில் கை அழுத்தும், மரம் போகும். புது பிளேடு ஒன்றை மரத்துக்குச் செங்குத்தாகப் பிடித்து, இழுக்கும் திசைப் பக்கம் சற்றே சாய்த்து, எடையே வைக்காமல் நீளமாக இழுங்கள். லாக்கர் வெள்ளைப் பொடியாக உதிரும். பொடி நின்று மெல்லிய மரச் சீவல் வரத் தொடங்கினால் அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இரண்டு இழுப்புக்கு ஒரு முறை கியூவைக் கொஞ்சம் திருப்புங்கள். ஒரே இடத்தில் இழுத்தால் உருளையான ஷாஃப்ட்டில் தட்டையான முகம் விழும். விளக்கொளியில் அது பட்டை பட்டையாகத் தெரியும்.

பிறகு 320. தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, உள்ளங்கையில் வைத்து ஷாஃப்ட்டைச் சுற்றிப் பிடித்து, ரேகையின் போக்கிலேயே நீளமாக ஓட்டுங்கள். குறுக்கே தேய்க்கவே கூடாது. கியூவை டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டுத் தேய்ப்பது வேகமாகத் தோன்றும். அதில் விழும் வட்டக் கீறல்கள் எண்ணெய் போட்டதும் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். 10 இழுப்புக்குக் கால் சுற்று திருப்பவும். கை ஓய்ந்து நிற்கும் இடங்கள் இரண்டு: ஃபெரூல் பக்கமும் ஜாயின்ட் பக்கமும். இழுப்பின் திசை மாறும் அந்த இரண்டு இடங்களில்தான் மரம் அதிகமாகத் தேயும். அங்கே அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பட்டில் இன்னொரு கவனம். கருங்காலித் தூள் கறுப்பு மையைப் போன்றது. பக்கத்தில் உள்ள வெளிர் ஆஷ் மரத்தின் கூர்முனைகளில் பட்டால் ஏறிவிடும். அங்கே முடிந்தவரை பிளேடாலேயே எடுங்கள். உப்புத்தாள் போட்டே ஆக வேண்டும் என்றால் ஆஷிலிருந்து கருங்காலியை நோக்கி மட்டும் ஒருவழியாக இழுத்து, ஒவ்வொரு ஐந்தாறு இழுப்புக்கும் தூளைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரத் துணியால் துடைக்கக் கூடாது, அதுவே கறையைப் பரப்பும். ஈட்டி மரத்தின் நிறம் ஸ்பிரிட்டில் கரையும் என்பதால் அங்கே துடைக்க டர்பன்டைன்தான் சரி.

தட்டுப்பட்ட பள்ளங்கள்

பூச்சு போன பிறகு, கடைசித் தேய்ப்புக்கு முன், இதற்கான நேரம். மேஜையிலோ சுவரிலோ மோதி விழுந்த பள்ளத்தில் மரநார் அறுந்திருக்காது, நசுங்கித்தான் இருக்கும். நசுங்கிய நார் நீராவி பட்டால் உப்பி எழும்பும். பள்ளத்தின் மேல் ஒரு துளி தண்ணீர் வைத்து ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். ஈரமான பருத்தித் துணியை நான்காக மடித்து அதன் மேல் வைத்து, சூடான சால்டரிங் அயர்னின் பக்கவாட்டால் இரண்டு மூன்று நொடி மட்டும் தொட்டு எடுங்கள். உஸ் என்ற சத்தத்தோடு ஆவி வரும். துணியை எடுத்து விரலால் தடவிப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடியும். மூன்று நான்கு முறைக்கு மேல் எழும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். நார் அறுந்த வெட்டு எழும்பாது. ஃபெரூல், பேட்ஜ், பட்டின் ஒட்டுக்கோடுகள் பக்கத்தில் இந்த வேலையே கூடாது. சூடு பசையை இளக்கும். எழும்பிய இடம் நன்றாக உலர ஒரு நாள் விட்டு, பிறகு 400 போடுங்கள்.

ரேகையை எழுப்பி அடக்குவது

400 முடிந்ததும் ஷாஃப்ட் முழுவதையும் நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் ஒரே ஒரு முறை துடையுங்கள். அரை மணி நேரத்தில் தொட்டுப் பார்த்தால், பட்டுப்போல இருந்த மரம் மூன்று நாள் தாடி போலச் சொரசொரக்கும். இது கெட்டுப்போனதல்ல. தேய்த்தபோது படுத்துக்கொண்ட நார்நுனிகள் ஈரத்தில் எழுந்து நிற்கின்றன. 600ஆல் மெதுவாக அவற்றை மட்டும் வெட்டிவிட வேண்டும். ஏழெட்டு இழுப்பு போதும். மறுபடி ஈரம், மறுபடி 600. இந்தப் படியை விட்டுவிட்டால் முதல் நாள் ஆட்டத்தின் வியர்வையிலேயே அதே சொரசொரப்பு எழும்பும். கடைசியாக 1000. அதற்கு மேல் ஆஷில் போவதில் பயனில்லை. மேப்பிளுக்கு 1500 வரை போகலாம்.

பூச்சை எடுத்ததும் ஆஷின் அம்புகள் வெளிறிப் போனது போலத் தோன்றினால் பயப்பட வேண்டாம். அந்தக் கறுப்பில் ஒரு பகுதி, தயாரிப்பின்போதே ரேகையில் நிரப்பிய வண்ணம். திரும்ப வேண்டுமானால் கறுப்பு கிரெயின் ஃபில்லரைத் துணியில் தொட்டு, ரேகைக்குக் குறுக்கே தேய்த்து உள்ளே இறக்கி, காய்வதற்குள் மேற்பரப்பில் உள்ளதைத் துடைத்து எடுக்க வேண்டும். காய்ந்த பின் 600ஆல் லேசாக ஓட்டினால் ரேகையில் மட்டும் கறுப்பு நிற்கும். முதலில் பட் பக்கம் ஒரு விரல் நீளத்தில் செய்து பாருங்கள், சில ஃபில்லர் மரம் முழுவதையும் அழுக்கு நிறமாக்கிவிடும். மேப்பிளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

எண்ணெய்

ஷாஃப்ட்டுக்கு லின்சீட் ஆயிலைவிட நல்ல பூச்சு தேட வேண்டியதில்லை. லாக்கர் மரத்தின் மேல் படலமாக நிற்கிறது, வியர்வையில் ஒட்டுகிறது. எண்ணெய் மரத்துக்குள் போய்க் கெட்டியாகிறது. கைக்குப் படுவது மரம்தான்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். பச்சை லின்சீட் ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று நாளுக்கு மேல் கேட்கும், ஈரக்காற்று வீசும் நாட்களில் இன்னும் கூடும். பாய்ல்டு லின்சீட் பெயருக்குத்தான் காய்ச்சியது. அதில் சீக்கிரம் உலர வைக்கும் உலோக உப்புகளைச் சேர்த்திருப்பார்கள், ஒரு நாளில் உலரும். பெரும்பாலோருக்கு இரண்டாவதே வசதி.

லின்சீட் ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தானாக விளங்கும். கனமாகப் பூசினால் மேல்தோல் மூடிக்கொள்ளும், உள்ளே காற்று போகாது, வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். ஆகவே முழு ஷாஃப்ட்டுக்கும் நான்கைந்து சொட்டு. துணியில் விட்டு, நீளவாக்கில் தேய்த்துப் பரப்பி, 15 நிமிடம் விட்டு, புதுத் துணியால் துளிகூட மீதமில்லாமல் துடைத்தெடுங்கள். துடைத்த பின் கையில் எண்ணெய் ஒட்டவே கூடாது. பிறகு உள்ளங்கையால் ஷாஃப்ட்டை இறுகப் பிடித்து, கை சுடும்வரை மேலும் கீழும் வேகமாகத் தேயுங்கள். மறுநாள் இரண்டாவது கோட். நான்கு கோட் போதும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் நைலான் தேய்ப்புத்தாளால் ஒரு முறை லேசாக ஓட்டலாம். கடைசிக் கோட்டுக்குப் பின் ஒரு வாரம் கியூவை விளையாடாமல் வையுங்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்தும் பிசுபிசுத்தால் எண்ணெய் அதிகம் தங்கிவிட்டது என்று பொருள். அதன்மேல் இன்னொரு கோட் போட்டால் பிரச்சினை இரட்டிப்பாகும். டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து எடுத்து, இரண்டு நாள் காற்றாட விடுங்கள்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆக்சிஜனோடு சேரும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றி ஏறி ஏறி, யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். வெளியில் விரித்துக் காயப்போட்டு, அட்டை போல விறைத்த பின், அல்லது தண்ணீரில் முக்கி மூடிய டப்பாவில் போட்டுத்தான் அப்புறப்படுத்த வேண்டும். வீடு சம்பந்தப்பட்ட விஷயம் இது, அலட்சியம் கூடாது.

பட்டுக்கும் இதே எண்ணெய் போடலாம், ஆறேழு கோட்; கருங்காலி குறைவாகத்தான் குடிக்கும். பளபளப்பு வேண்டுபவர்கள் அரக்குப் பூச்சு மூன்று நான்கு மெல்லிய கோட் போட்டு, மேலே தேன்மெழுகு கலந்த மரமெழுகு தடவித் துடைக்கலாம். வியர்க்கும் கைக்கு அரக்கு வெளுத்துப்போகும், அவர்களுக்கு எண்ணெயே நல்லது. மெழுகை ஷாஃப்ட் பக்கம் கொண்டுவராதீர்கள். கைச்சூட்டில் இளகி இழுக்கும்.

டிப்

எண்ணெய் வேலை முழுக்க முடிந்து உலர்ந்த பிறகு பழைய டிப்பைப் பிளேடால் வெட்டி எடுங்கள். ஃபெரூலின் மேல் முகத்தில் பழைய பசை ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. சமமான கண்ணாடியின் மேல் 320 தாளை வைத்து, கியூவைச் செங்குத்தாகப் பிடித்து அதன்மேல் மெதுவாகச் சுழற்றி முகத்தைச் சமப்படுத்துங்கள். கியூ சாய்ந்தால் முகமும் சாயும், டிப் என்றைக்கும் நேராக உட்காராது. பிறகு ஸ்பிரிட்டால் துடைக்கவும்.

டிப் ஃபெரூலைவிட அரை மி.மீ. பெரியதாக இருக்கட்டும்: 9.5 ஃபெரூலுக்கு 10 மி.மீ. டிப். அதன் அடிப்பக்கத்தை அதே கண்ணாடி மேலுள்ள உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். ஜெல் வகை சூப்பர் குளூ ஒரு சிறு துளி, நடுவில். டிப்பை வைத்து நேர்பார்த்து, தலைகீழாக ஒரு மரப்பலகையில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு ஒரு இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் ஃபெரூலுக்கு டேப் சுற்றி, கியூவைத் தலைகீழாகப் பலகையில் நிறுத்தி, பிளேடைப் பலகையை நோக்கிக் கீழ்முகமாக வெட்டி, வெளியே நிற்கும் தோலை மட்டும் எடுக்க வேண்டும். மேல்முகமாக வெட்டினால் பித்தளையில் கீறல் விழும். கடைசியில் நடுவே உயர்ந்த, சமமான கவிகை வடிவம் வரும்படி மேலே தேயுங்கள். தேய்ந்து தேய்ந்து விளிம்பில் தோல் 2 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் டிப்பை மாற்றிவிடுங்கள். கழன்று பித்தளை மேஜைத் துணியில் பட்டால் துணி கிழியும்.

அடிக்கும்போது டிக் என்று ஒரு வெற்றொலி கேட்டால் டிப், ஃபெரூல், ஜாயின்ட் என்ற வரிசையில் பாருங்கள். டிப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பினால் தூக்குகிறதா, ஃபெரூல் விரலில் சுழல்கிறதா, ஜாயின்ட்டின் முகங்களுக்கு நடுவே தூசி சிக்கியிருக்கிறதா. ஃபெரூல் மாற்றுவது மட்டும் வீட்டு வேலை அல்ல. அதற்கு மரத்தின் நுனியை மிகச் சரியான அளவுக்குக் கடைந்தெடுக்க வேண்டும்.

அன்றாடம்

விளையாடி முடித்ததும், பெட்டியில் வைக்கும் முன், உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் டிப்பிலிருந்து கீழ்நோக்கித் துடையுங்கள். சாக் தூள் அப்படியே பெட்டிக்குள் போனால் அடுத்த முறை வியர்வையோடு கலந்து ரேகைக்குள் இறங்கும். வாரம் ஒரு முறை பிழிந்த ஈரத் துணி, உடனே உலர்துணி. வாசனை போட்ட ஈரத் தாள்கள், சோப்புத் தண்ணீர், டால்கம் பவுடர் மூன்றும் வேண்டாம். பவுடர் முதல் அரை மணி நேரம் சுகமாக இருக்கும், பிறகு வியர்வையோடு குழைந்து பசையாகும். எண்ணெய், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை, இரண்டு சொட்டு. மரம் வெளிறி வறண்டது போலத் தோன்றினால் மட்டும்.

ஜாயின்ட்டின் திருகில் எண்ணெய் விடாதீர்கள், அது தூசியைப் பிடித்து வைக்கும். கிறீச்சிட்டால் மெழுகுவர்த்தியைத் திருகில் லேசாகத் தொட்டால் போதும். கையால் இறுகும் அளவுக்கு மேல் முறுக்க வேண்டாம்.

கியூவைச் சுவரில் சாய்த்து வைப்பது அதன் முதுகை வளைப்பதற்குச் சமம். படுக்கவைத்தோ நேராக நிறுத்தியோதான் வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் வைத்தால் மரம் ஈரத்தை இழந்து முறுக்கிக்கொள்ளும், டிப்பின் பசையும் இளகும்.

வளைந்திருக்கிறதா என்று பார்க்க மேஜையில் உருட்டுவது எல்லோரும் செய்வது. கையால் இழைத்த கியூ முழு உருளையாக இருக்காது, பட்டின் அடிப்பக்கம் ஒரு புறம் சீவித் தட்டையாக்கியிருக்கும் என்பதால் நேரான கியூவும் தள்ளாடும். பட் பகுதியை மூக்குக்கு நேரே பிடித்து, டிப்பை நோக்கி நீளமாகப் பார்வையை ஓட்டி, மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். நடுவில் ஒன்றிரண்டு மி.மீ. வளைவு தெரிந்தால் ஆட்டத்துக்குக் குறை வராது. நீராவியில் காட்டி நிமிர்த்த முயலாதீர்கள். அன்று நிமிரும், சில வாரங்களில் பழைய வளைவுக்கே திரும்பும், நடுவில் பட்டின் ஒட்டு விட்டுப்போயிருக்கும்.